டிஜிட்டல் பியானோவில் பதிந்த பாட்டும் ஏற்றிய பாட்டும்: ஒலிக்க வைக்கும் முறை

டிஜிட்டல் பியானோவில் பாட்டை ஓட விடும்போது வருகிற சிக்கலில் பெரும்பாதி, கையில் இருப்பது மிடி ஃபைலா ஆடியோ ஃபைலா என்று பார்க்காமல் ஆரம்பிப்பதால் வருவது. இரண்டும் ஒரே பென் டிரைவில் இருக்கும், ஒரே பிளே பட்டனில் ஓடும். ஆனால் சரக்கு வேறு. மிடி ஃபைலில் சத்தமே கிடையாது. எந்தக் கீ, எந்த நேரத்தில், எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது, பெடல் எப்போது இறங்கியது என்ற குறிப்புகள் மட்டும்தான் அதில் இருக்கும். பியானோ அதைப் படித்துத் தன் சொந்தக் குரலில் வாசிக்கும். ஆடியோ ஃபைலில் இருப்பது பதிந்து முடிந்த ஒலி. பியானோவின் ஸ்பீக்கர் அதை அப்படியே வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான்.

எது எது என்று தெரியாவிட்டால் ஃபைலின் அளவைப் பாருங்கள். நாலு நிமிடப் பாட்டு மிடியாக இருந்தால் சில பத்து கேபி இருக்கும். அதே பாட்டு வேவ் (சுருக்காத ஆடியோ) ஃபைல் என்றால் 42 எம்பி வரும். சிடி தரத்தில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10.5 எம்பி கணக்கு. எம்பி3 என்றால் நாலைந்து எம்பி.

மிடியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் சுருதி இறங்காது. வலது கையை மட்டும் நிறுத்திவிட்டு இடது கையைக் கேட்கலாம். சுருதியை இரண்டு கட்டை ஏற்றலாம். ஆடியோவில் இதில் எதுவும் நிச்சயம் இல்லை. சில மாடல்கள் ஆடியோவின் வேகத்தை மாற்றும், சில நடுவில் இருக்கும் பாடகர் குரலை ஓரளவு அடக்கும். கைகளைப் பிரிக்க எந்த மாடலாலும் முடியாது, ஏனென்றால் அதில் கை என்று ஒன்று இல்லை. பயிற்சிக்கு மிடி, கேட்கவும் கேட்க வைக்கவும் ஆடியோ என்று வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பியானோவுக்குள்ளேயே பதிந்தது

பதியும் முறை எல்லாக் கம்பெனியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் குரலை, அதாவது எந்த வாத்திய ஒலி என்பதை, தேர்ந்தெடுங்கள், அதன் பிறகு வேகத்தையும் தாளத்தையும் வையுங்கள். ரெக்கார்டு பட்டனைத் தொட்டதும் விளக்கு மின்னும். முதல் கீயை அழுத்தும்போதுதான் பதிவு தொடங்கும், அதனால் அவசரப்படத் தேவையில்லை. வாசித்து முடித்து ஸ்டாப்பை அழுத்தி, மின்னுகிற விளக்கு நிற்கும்வரை காத்திருங்கள். அந்தச் சில விநாடியில்தான் பியானோ பதிவை நினைவகத்தில் எழுதுகிறது. அப்போது சுவிட்சை அணைத்தாலோ கரண்ட் போனாலோ பதிந்தது போய்விடும், சில மாடலில் அதற்கு முன்னால் இருந்ததும் சேர்ந்து போகும். கரண்ட் அடிக்கடி வந்து போகும் ஊரில் பியானோவை இன்வெர்ட்டர் லைனில் போட்டு வைப்பது நல்லது. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் ஸ்பீக்கரில் லேசான ர்ர்ர் சத்தம் வரலாம். சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை இல்லை.

இடம் எவ்வளவு என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். யமஹா பி-125ல் சொந்தப் பதிவுக்கு ஒரே ஒரு இடம், அதில் இரண்டு தடம் (டிராக்). அதாவது புதிதாக ஒன்றைப் பதிந்தால் பழையது அழியும், எச்சரிக்கை எதுவும் வராது. பி-45ல் பதியும் வசதியே கிடையாது. பிள்ளைகள் விளையாட்டாக ரெக்கார்டைத் தட்டி இரண்டு கீயை அழுத்திவிட்டால் நேற்றைய பதிவு போனது போனதுதான். ஆகவே நன்றாக வந்த வாசிப்பை அன்றைக்கே வெளியே எடுத்துவிட வேண்டும்.

இரண்டு தடம் இருந்தால் இடது கையை முதலில் பதிந்துவிட்டு, அது ஓட ஓட வலது கையை மற்றத் தடத்தில் பதியலாம். முதல் தடம் பதியும்போது வைத்த வேகம்தான் இரண்டாவதுக்கும். முதலில் குறைந்த வேகத்தில் இரண்டு கையையும் பதிந்துவிட்டு, ஓட விடும்போது வேகத்தை ஏற்றுவதில் தப்பே இல்லை. மிடிக்கு அதுதான் சௌகரியம்.

தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் இல்லாமல் வாசித்துப் பதிந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மிடியைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய் மியூஸ்ஸ்கோர் மாதிரி ஒன்றில் ஸ்வரக் குறிப்பாகத் திறந்தால் பயந்துவிடுவீர்கள். எங்கே தாளம் தொடங்குகிறது என்று மென்பொருளுக்குத் தெரியாது. அது பியானோவின் மெட்ரோனோம் கணக்கில் கோடு போடும், உங்கள் விரல் வேறு கணக்கில் போயிருக்கும். கால் மாத்திரை, அரைக்கால் மாத்திரை என்று துண்டு துண்டாக விழும். நோட்ஸ் எடுக்கும் எண்ணம் இருந்தால் மெட்ரோனோமை ஆன் செய்து, ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு பதியுங்கள். மெட்ரோனோம் சத்தம் மிடியில் பதியாது.

பென் டிரைவ்

பியானோவின் பின்புறம் அல்லது ஓரத்தில் இரண்டு விதத் துளை இருக்கும். சதுரமானது கம்ப்யூட்டருக்கு. தட்டையானது பென் டிரைவுக்கு. தட்டையான துளை இருக்கிறதே என்று நம்பிவிடவும் கூடாது. சில விலை குறைந்த மாடல்களில் அது பியானோவின் மென்பொருளைப் புதுப்பிக்க மட்டும், பாட்டு ஓடாது.

பென் டிரைவ் படிக்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஃபார்மட்தான், அதாவது டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை. பியானோக்களுக்குத் தெரிந்தது ஃபேட் 32. கடையில் இப்போது கிடைக்கும் 64 ஜிபி, 128 ஜிபி டிரைவ்கள் எக்ஸ்ஃபேட்டில் வருகின்றன. விண்டோஸில் வலது கிளிக் செய்து வரும் ஃபார்மட் பெட்டியோ 32 ஜிபிக்கு மேல் ஃபேட் 32 என்ற தேர்வையே காட்டாது. அதனால் 8, 16 அல்லது 32 ஜிபி டிரைவ் வாங்குங்கள். மதுரையில் டவுன்ஹால் ரோட்டிலோ மேலமாசி வீதிப் பக்கமோ கேட்டால் பழைய சிறிய அளவு இன்னும் கிடைக்கும். பியானோவுக்கு அதற்கு மேல் எந்த உபயோகமும் இல்லை. 8 ஜிபியில் வேவ் ஃபைலே பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும்.

வாங்கியதும் கம்ப்யூட்டரில் அல்ல, பியானோவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட் 32 ஆவதோடு, அந்தக் கம்பெனி தேடும் ஃபோல்டரும் பல மாடல்களில் அப்போதே உண்டாகிவிடும். கேசியோவின் பிரிவியா வரிசைப் பியானோ சில, 'மியூசிக்டாட்' என்ற பெயருள்ள ஃபோல்டருக்குள் மட்டும்தான் தேடும். பாட்டை வெளியே போட்டால் டிரைவ் காலி என்று சொல்லும். யமஹா கிளாவினோவாவில் பதிந்தால் 'யூசர் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் போய் விழும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று அடுக்காதீர்கள். ஆழமாகப் போனால் பியானோ எட்டிப் பார்க்காது.

ஃபைலின் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் மட்டும் வையுங்கள். தமிழில் பெயர் வைத்தால் சில பியானோ திரையில் கட்டங்களாகக் காட்டும், சிலவற்றில் பாட்டே பட்டியலில் வராது. திரை இல்லாத பியானோவில் பெயர் தெரியவே போவதில்லை. அங்கே பெயரின் வரிசைப்படிதான் அடுத்த பாட்டு வரும் என்பதால் முன்னால் 01, 02, 03 என்று எண் போடுங்கள். வெறும் 1, 2 என்று போட்டால் 1க்கு அடுத்தது 10 வந்து நிற்கும். ஞாயிறு ஆராதனைக்கு வரிசையாக ஆறு கீர்த்தனை வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம்.

ஆப்பிள் கம்ப்யூட்டரில் இருந்து நகல் எடுத்தவர்களுக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நிழல் ஃபைலை அது டிரைவில் எழுதிவிடும். புள்ளியும் அடிக்கோடும் சேர்ந்து பெயர் தொடங்கும். ஆப்பிள் கம்ப்யூட்டரில் அது கண்ணில் படாது. பியானோ அதையும் பாட்டு என்று எடுத்துக்கொண்டு, ஓட வைக்க முடியாமல் பிழை காட்டும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி அவற்றை அழித்துவிடுங்கள்.

வீட்டில் கம்ப்யூட்டரே இல்லையென்றால், ஒரு முனை டைப்-சி, மறு முனை சாதா யுஎஸ்பி என்று வரும் இரட்டை முனை பென் டிரைவ் ஒன்று போதும். ஃபோனில் செருகி நகல் எடுத்து, திருப்பிப் பியானோவில் செருகலாம். ஃபோன் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எக்ஸ்ஃபேட்டாக மாற்றி வைத்துவிடக்கூடும். விளக்கு மின்னும்போது டிரைவைப் பிடுங்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகினால் பெரும்பாலும் படிக்காது.

வாட்ஸ்அப்பில் வந்த பாட்டு

கொயர் குழுவிலும் பாட்டு வகுப்புக் குழுவிலும் இப்போது எல்லாம் வாட்ஸ்அப் வழியாகத்தான் வருகிறது. குரல் செய்தியாக வந்தது ஓபஸ் என்ற வடிவத்தில் இருக்கும். எந்தப் பியானோவும் அதைப் படிக்காது. ஃபோனில் பதிந்து அனுப்பியது எம்4ஏ ஆக இருக்கலாம், அதையும் பெரும்பாலான பியானோ தொடாது. அனுப்புகிறவரிடம் 'டாக்குமென்டாக அனுப்புங்கள்' என்று சொல்லுங்கள், மிடியும் வேவும் உருமாறாமல் வந்து சேரும்.

ஃபைல் பெயரின் கடைசியில் எம்பி3 என்று இருப்பதை வேவ் என்று மாற்றி எழுதினால் வேவ் ஆகிவிடாது. பலர் செய்து பார்த்துவிட்டுப் பியானோ மேல் பழி போடுவார்கள். முறையாக மாற்ற ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். ஃபைலைத் திறந்து, எக்ஸ்போர்ட்டில் வேவ் என்பதை எடுத்து, சாம்பிள் ரேட் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்று வைத்துச் சேமியுங்கள். மூன்றும் அப்படியே இருக்க வேண்டும். ஃபோன் வீடியோவில் இருந்து எடுத்த ஒலி பெரும்பாலும் 48,000 ஹெர்ட்ஸில் இருக்கும்; கம்ப்யூட்டரில் அழகாக ஓடும், பியானோ வாயே திறக்காது. 24 பிட்டுக்கும் அதே கதி. எம்பி3யைப் படிக்கும் மாடல்கள் உண்டு, படிக்காதவையும் ஏராளம். வேவாக மாற்றிவிட்டால் சந்தேகம் இல்லை.

மிடியில் புழக்கத்தில் இருப்பது வகை 0, வகை 1 என்ற இரண்டு. வகை 0ல் எல்லாம் ஒரே தடத்தில் சுருட்டி வைத்திருக்கும். வகை 1ல் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு தடம். சில பழைய, சிறிய மாடல்கள் வகை 0 மட்டும் படிக்கும். மியூஸ்ஸ்கோர் கொடுப்பது வகை 1. பட்டியலில் பெயர் வந்து, பிளே அழுத்தினால் பிழை என்று வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மிடி எடிட்டரில் திறந்து வகை 0 என்று சேமித்தால் சரியாகிவிடும்.

வேறு பியானோவில் பதிந்த மிடி

மிடி 1983ல் வந்த தரம். யமஹாவில் பதிந்ததைக் கேசியோவிலோ ரோலண்டிலோ ஓட விடலாம், ஸ்வரம் ஒன்றுகூடத் தவறாது. குரல்தான் மாறும். வாத்தியத்தை மிடி எண்ணாகச் சொல்கிறது. 1991ல் வந்த ஜெனரல் மிடி என்ற ஏற்பாடு 128 வாத்தியங்களுக்கு எண் ஒதுக்கி, 10ஆம் சேனலை (மிடி குறிப்புகள் பிரிந்து போகும் வழிகளில் ஒன்று) தாளத்துக்கு என்று வைத்தது. உங்கள் பியானோ அதை ஏற்பதாக இருந்தால் சினிமாப் பாட்டு மிடியும் வயலின், புல்லாங்குழல், டிரம்ஸ் எல்லாவற்றோடும் வரும். பத்துப் பதினைந்து குரல் மட்டும் உள்ள பியானோ என்றால் எல்லா வாத்தியத்தையும் பியானோவாகவே வாசித்துத் தள்ளும், அல்லது சில சேனலைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். 'பாட்டு வருது, டியூன் வரல' என்ற புகாருக்குக் காரணம் இதுதான்: டியூன் இருக்கிற சேனலை அந்தப் பியானோ கேட்கவில்லை.

கையைப் பிரிக்கும் பட்டனும் சேனலைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. சில பியானோ 1ஆம் சேனலை வலது கை, 2ஐ இடது கை என்று எடுத்துக்கொள்ளும். வேறு சில 4ஐ வலது, 3ஐ இடது என்று எடுத்துக்கொள்ளும். வலது கையை நிறுத்தியும் சத்தம் நிற்கவில்லையென்றால் பட்டன் பழுதில்லை. டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் இசைத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த வசதிதான் அதிகம் பயன்படும். மிடி எடிட்டரில் சேனல் எண்ணை ஒரு தடவை மாற்றிச் சேமித்துவிட்டால் மாதக்கணக்கில் உதவும்.

கமகம் உள்ள டியூனை மிடியில் ஏற்றியவர்கள் சுருதியை வழுக்கிச் செல்ல வைக்கும் பிட்ச் பெண்ட் குறிப்பால் இழைத்திருப்பார்கள். அந்தக் குறிப்பை ஏற்காத பியானோவில் அதே டியூன் மொட்டையாக, படிக்கட்டு ஏறி இறங்குவது போலக் கேட்கும். அப்படிப்பட்ட பாட்டுக்கு மிடியை விட்டுவிட்டு ஆடியோ தேடுவதே புத்திசாலித்தனம்.

ஓடுகிற பாட்டோடு நீங்களும் வாசிக்கும்போது நடுவே சில ஸ்வரங்கள் அறுந்து போவது போல இருந்தால், பியானோ ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஸ்வரங்களின் எண்ணிக்கை தீர்ந்துவிட்டது. 64 ஸ்வரம் உள்ள பியானோவில் பெடலை மிதித்துக்கொண்டே பெரிய மிடியை ஓட விட்டால் நடக்கும். 128, 192 உள்ளவற்றில் அபூர்வம். ஒரு குரலோடு இன்னொன்றைச் சேர்த்து வைத்திருந்தால் கணக்கு இரட்டிப்பாகும். அதை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

பாட்டைப் பாதியில் நிறுத்தியதும் பெடல் பிடித்தபடி நின்று, அடுத்து எதை வாசித்தாலும் ஒலி வழிந்துகொண்டே இருந்தால், உங்கள் பெடலை ஒரு தடவை மிதித்து விடுங்கள். 'பெடல் இறங்கியது' என்ற குறிப்பு வந்துவிட்டது, 'ஏறியது' என்ற குறிப்பு வரும் முன்பு நீங்கள் நிறுத்திவிட்டீர்கள்.

சுருதி

பாடுகிறவர்களோடு ஓட விடும்போதுதான் இந்த விஷயம் சூடு பிடிக்கும். நம் பக்கத்துக் கணக்கில் 1 கட்டை என்றால் சி. அரைக் கட்டை ஏறினால் அடுத்த கீ: ஒன்றரை சி ஷார்ப், 2 டி, இரண்டரை டி ஷார்ப், 3 ஈ. மூன்றரை கிடையாது, 3க்கு அடுத்த கீயே 4, அது எஃப். நாலரை எஃப் ஷார்ப், 5 ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், 6 ஏ, ஆறரை ஏ ஷார்ப், 7 பி. பியானோவில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் எண் கட்டைக் கணக்கில் போகாது, கீ கணக்கில் போகும். ஆகவே 1 கட்டையில் இருக்கும் மிடியை இரண்டரைக்கு ஏற்ற +3 வைக்க வேண்டும், ஒன்றரையைக் கூட்டினோமே என்று +1.5 தேடக் கூடாது. 5 கட்டையில் பாடும் பெண் குரலுக்கு அதே மிடி வேண்டுமானால் +7 அல்லது −5. டிரான்ஸ்போஸ் 6 வரைக்கும்தான் போகும் என்ற பியானோவில் −5தான் வழி. பாட்டு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும், பாடுகிறவருக்கு அதனால் இடைஞ்சல் இல்லை.

பெரிய மாடல்களில் டிரான்ஸ்போஸ் இரண்டு விதம்: கீபோர்டுக்குத் தனி, பாட்டுக்குத் தனி. பாட்டுக்கு மட்டும் +3 வைத்துவிட்டு நீங்கள் பழைய இடத்திலேயே வாசித்தால் கேட்கச் சகிக்காது. இரண்டுக்கும் சேர்த்து மாற்றும் தேர்வு இருக்கும், அதை எடுங்கள்.

ஆடியோவில் நிலைமை தலைகீழ். பெரும்பாலான பியானோவில் டிரான்ஸ்போஸ் ஆடியோவைத் தொடாது, உங்கள் விரலை மட்டும் நகர்த்தும். கரோக்கி 1 கட்டையில் ஓடும், நீங்கள் இரண்டரையில் வாசித்துக்கொண்டிருப்பீர்கள். இதைத் தீர்க்க ஆடாசிட்டியில் 'சேஞ்ச் பிட்ச்' எடுத்து, எத்தனை கீ வேண்டுமோ அத்தனை செமிடோன் மாற்றி, புதிய வேவாகச் சேமியுங்கள். இரண்டு, மூன்று செமிடோன் வரைக்கும் தெரியாது. அதற்கு மேல் போனால் பாடகர் குரல் பொம்மைக் குரலாகிவிடும். வெறும் வாத்தியம் என்றால் கொஞ்சம் தாங்கும்.

பழைய டேப்பில் இருந்தும் இசைத்தட்டில் இருந்தும் எடுத்த பாட்டுக்கு வேறு வைத்தியம். டேப் ஓடிய வேகத்தைப் பொறுத்துச் சுருதி ஒரு கீக்கும் அடுத்த கீக்கும் நடுவே போய் நிற்கும், டிரான்ஸ்போஸ் உதவாது. பியானோவின் டியூனிங் அமைப்பைத் திறந்தால் 440.0 என்று இருக்கும். பாட்டில் ஷட்ஜம் நீண்டு நிற்கும் இடத்தில் அதே கீயைப் பிடித்துக் கேளுங்கள். இரண்டும் ஒட்டாமல் இருந்தால் வ்வா… வ்வா… என்று ஒரு அலை கேட்கும். எண்ணை ஒரு பக்கமாக மெல்ல நகர்த்துங்கள். அலை மெதுவானால் சரியான பக்கம் போகிறீர்கள், வேகமானால் மறுபக்கம் திரும்புங்கள். அலை அடங்கிய இடம்தான் அந்தப் பாட்டின் சுருதி. அந்த எண்ணைப் பாட்டின் பெயரோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 445 என்பது சுமார் 20 சென்ட் ஏற்றம், அதாவது ஒரு கீயில் ஐந்தில் ஒரு பங்கு. 453 வந்துவிட்டால் பாதிக் கீ ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேலும் போக வேண்டியிருந்தால் அடுத்த கீயில் இருந்து கீழே இறங்கி வருவது சுலபம். முடிந்ததும் 440க்குத் திருப்பி வைக்க மறந்தால் அடுத்த நாள் வயலின்காரர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார்.

ஃபோனில் இருந்து நேராக

ஃபைலை ஏற்றும் வேலையே வேண்டாம், ஃபோனில் இருப்பது பியானோ ஸ்பீக்கரில் வந்தால் போதும் என்பவர்களுக்கு ப்ளூடூத் இருக்கிறது. இதிலும் அதே இரட்டை வழக்கு. ப்ளூடூத் ஆடியோ என்பது வேறு, ப்ளூடூத் மிடி என்பது வேறு. பெட்டியில் 'ப்ளூடூத் உண்டு' என்று போட்டிருந்தால் எது என்று கேளுங்கள். ஆடியோ என்றால் ஃபோன் செட்டிங்ஸில் போய்ப் பியானோ பெயரைத் தொட்டால் இணைந்துவிடும். மிடியை அப்படி இணைக்கக் கூடாது. மிடி ஆப்புக்குள்ளே போய் அங்கிருந்துதான் இணைக்க வேண்டும். செட்டிங்ஸில் முதலில் இணைத்துவிட்டால் பல சமயம் ஆப்புக்குப் பியானோ தெரியாமலே போகும். அங்கே 'மறந்துவிடு' கொடுத்துவிட்டு ஆப்பில் இருந்து முயலுங்கள்.

ப்ளூடூத் ஆடியோ கொஞ்சம் தாமதித்துத்தான் வரும். பாட்டைக் கேட்டபடி வாசிக்கும்போது அது தெரியாது, இரண்டும் ஒரே ஸ்பீக்கரில்தான் வருகின்றன. வீடியோவைப் பார்த்து விரல் வைக்கும்போது படம் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் போகும். அதற்கு 3.5 மில்லிமீட்டர் ஆக்ஸ் கேபிள்தான் மருந்து.

கேபிளில் மிடி அனுப்ப, சதுரத் துளைக்கு வேண்டியதைக் கடையில் 'பிரிண்டர் கேபிள்' என்று கேளுங்கள், உடனே எடுத்துத் தருவார்கள். 5 மீட்டருக்கு மேல் வாங்காதீர்கள். ஆண்ட்ராய்டு ஃபோன் என்றால் கூடவே ஒரு ஓடிஜி முனை (ஃபோன் துளையில் யுஎஸ்பி கேபிளைச் செருக உதவும் மாற்று முனை). கம்ப்யூட்டரில் இருந்து ஓட விடும்போது ஒரு கீயை அழுத்தினால் இரண்டு தடவை ஒலிக்கிறது என்றால், பியானோ தானாக ஒரு தடவையும் கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பியதால் இன்னொரு தடவையும் வாசிக்கிறது. பியானோவில் 'லோக்கல் கன்ட்ரோல்' அமைப்பை ஆஃப் செய்யுங்கள். வேலை முடிந்ததும் ஆன் செய்ய மறக்காதீர்கள். அது ஆஃபில் இருந்தால் கேபிளைக் கழற்றிய பின் பியானோ ஊமையாக இருக்கும், பழுது என்று ஆளைக் கூப்பிடுவீர்கள்.

ஃபோன் இணைந்திருக்கும்போது வருகிற நோட்டிஃபிகேஷன் சத்தமும் பியானோவில்தான் வரும். திருப்பலி நடுவே வாட்ஸ்அப் டிங் கேட்காமல் இருக்க, கேபிள் என்றால் ஏரோப்ளேன் மோடு; ப்ளூடூத் என்றால் ஏரோப்ளேன் மோடுக்குப் போய்விட்டு ப்ளூடூத்தை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள்.

மண்டபத்திலும் ஆலயத்திலும்

வீட்டில் நன்றாக ஓடிய பாட்டு மண்டபத்து மைக் செட்டில் குடத்துக்குள் பேசுவது போலக் கேட்டால் வயரைப் பாருங்கள். பியானோவின் ஹெட்ஃபோன் துளையில் இருந்து ஒரு ஸ்டீரியோ ஜாக் வயரை எடுத்து மிக்ஸரின் ஒற்றை இன்புட்டில் செருகியிருப்பார்கள். மிக்ஸரின் அந்தத் துளை இரண்டு கம்பியில் வருவதன் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இடது வலது இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பது, அதாவது நடுவில் நிற்கும் பாடகர் குரலும் பேஸும், ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு ஸ்டீரியோ ஜாக் இரண்டு மோனோ ஜாக்காகப் பிரியும் ஒய் வயரைப் போட்டு, இரண்டு சேனலில் செருகினால் உடனே சரியாகும். பியானோவில் லைன் அவுட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். மண்டபத்து விளக்கு டிம்மரால் ஹம் சத்தம் வந்தால் மைக் செட்காரரிடம் டிஐ பாக்ஸ் (வயருக்கு நடுவே போடும் சின்னப் பெட்டி) கேளுங்கள், பெரும்பாலும் வண்டியில் ஒன்று கிடக்கும்.

கீழவெளி வீதி மரியன்னை பேராலயம் மாதிரி கூரை உயர்ந்த இடத்தில் கட்டடமே எதிரொலி கொடுக்கும். மிடியாக ஓட விட்டால் பியானோவின் ரிவர்பை (செயற்கை எதிரொலியை) அணைத்துவிடலாம். ஆடியோவாகப் பதிந்திருந்தால் ரிவர்பும் சேர்ந்தே பதிந்திருக்கும், எடுக்க முடியாது. அந்த மாதிரி இடத்துக்கென்று ஆடியோ பதிகிறவர்கள் பதியும்போதே ரிவர்பை அணைத்துவிட்டுப் பதிய வேண்டும்.

பதிவைப் பற்றி இன்னொன்று. சித்திரைத் திருவிழா நாட்களில் மாசி வீதிப் பக்கம் குடியிருக்கிறவர்கள் ஃபோன் மைக்கில் வாசிப்பைப் பதிந்தால் அதில் தெருவில் கட்டிய குழாய் ஸ்பீக்கரின் பாட்டும் சேர்ந்துதான் வரும். பியானோவின் சொந்த ஆடியோ பதிவில் மைக் கிடையாது, வெளிச்சத்தம் ஒரு துளியும் நுழையாது. பென் டிரைவில் வேவாகப் பதியும் வசதி உள்ள மாடல் என்றால் எந்த நாளிலும் அதையே பயன்படுத்துங்கள்.

சத்தமே வரவில்லை

பாட்டு ஓடுவதாகத் திரை காட்டுகிறது, சத்தம் இல்லை என்றால் மூன்றைப் பாருங்கள். ஹெட்ஃபோன் துளையில் வெறும் மாற்று முனை செருகி மறந்திருந்தாலும் ஸ்பீக்கர் அணைந்துவிடும். பாட்டுக்கான ஒலியளவு, கீபோர்டு ஒலியளவில் இருந்து தனி. ஆடியோவுக்கு இன்னும் ஒரு தனி அளவு இருக்கும், அது சுழியத்தில் இருக்கலாம். இரண்டு கைத் தடமும் அணைந்திருக்கலாம். வாசித்தால் சத்தம் வருகிறது, பாட்டுக்கு மட்டும் வரவில்லை என்றால் நிச்சயம் பின்னிரண்டில் ஒன்றுதான்.

இவற்றுக்கெல்லாம் பிறகும் குளறுபடி தீரவில்லை என்றால் ஃபேக்டரி ரீசெட் இருக்கிறது. எந்தக் கீயைப் பிடித்துக்கொண்டு ஆன் செய்ய வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் வேறு, கையேட்டில் இருக்கும். சில மாடல்களில் ரீசெட் உள்ளே பதிந்த பாட்டையும் சேர்த்து அழிக்கும். சர்வீசுக்குக் கொடுத்தாலும் அவர்கள் முதலில் செய்வது ரீசெட்தான். கொடுப்பதற்கு முன்னால் பென் டிரைவிலோ கம்ப்யூட்டரிலோ ஒரு நகல் எடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று ஒரு தடவை ஓட்டியும் பார்த்துவிடுங்கள்.